ஸ்டியரிங் இல்லாத பந்தயம்

ஆட்டோகிராஸ் பந்தயத்தில் காலி மைதானத்தில் கூம்புகளை நட்டுவைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார்தான் கடிகாரத்தோடு மோதும். கூம்பைச் சாய்த்தால் நேரத்தில் அபராதம். புதிதாக இறங்கும் தம்பிகள் முதலில் அலாய் வீல் வாங்குவார்கள், பிறகு சத்தமான சைலன்சர். டயரில் காற்று எவ்வளவு என்று கேட்டால் மட்டும் பங்க் பையனைக் கை காட்டுவார்கள். நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்துக்கொள், கண்ணை அடுத்த கூம்பில் வை என்ற காசில்லாப் பாடத்துக்குக் கூட்டம் சேராது.

இதே பந்தயத்துக்குத் திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் போலீஸ் தடுப்பு வைத்ததும் பாதை தயார். பின்னால் ஏழு பேரை ஏற்றிய ஷேர் ஆட்டோ அண்ணனுக்கு எடை இடம்மாறுவதைப் பற்றி யார் வகுப்பெடுப்பது? திரும்புவதற்கு முன்பே, "எல்லாம் கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கங்க" என்பார். அதுதான் சஸ்பென்ஷன்.

ஆனால் உண்மையான வித்தகர்கள் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாடவீதியில் இருக்கிறார்கள். பெரிய தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகுகிறார் ஒருவர்: பிரேக்கும் அதுவே, திருப்பமும் அதுவே. அரை அங்குலம் தப்பினால் தேர் யார் வீட்டுத் திண்ணைக்கோ போகும். இங்கேயும் ஒரு தேர் நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்ததற்கு வடம் பிடிப்பார்கள். அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் என்று அந்த முட்டுக்கட்டைக்காரரிடம் போய் விளக்கிப் பாருங்கள். "தள்ளி நில்லு தம்பி" என்பார்.