நாளொன்றுக்கு 50 ரூபாய்

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு மாதத்தில் மூன்றே நாள்தான். 7-ஆம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி 3பி. மற்ற நாளெல்லாம் இந்த மூன்றுக்கும் பயந்தே கழியும். போதாக்குறைக்கு, சம்பளக்காரர்களின் வருமான வரிக்கு ஜூலை 31, தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30, தணிக்கை உள்ளவர்களின் ரிட்டர்னுக்கு அக்டோபர் 31. தீபாவளிக்கு எடுத்த சட்டையை ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போய்க் கசக்குகிற இனம் நாங்கள்.

இப்படிப்பட்டவனுக்குப் புத்தகம் எழுதுகிற ஆசை வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது. விஷயம், திருச்சி சுருட்டு. உறையூரில் சுருட்டிய சரக்கு ஒரு காலத்தில் கப்பலேறி லண்டன் வரை போயிருக்கிறது. 1887-இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே ‘இது திருச்சினாப்பள்ளி சுருட்டு’ என்று அந்த மனிதர் சொல்லிவிடுகிறார். இதையெல்லாம் தமிழில் ஒரே புத்தகமாகக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்குச் சுருட்டுப் பழக்கம் கிடையாது. பீடி, சிகரெட்டும் கிடையாது. “அதைத் தொட்டே பார்க்காதவர் எப்படி எழுதுவீங்க?” என்று என் மனைவி கேட்டாள். நகைக்கடை பார்ட்டிகளுக்கு இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், நான் என்ன தங்கத்தையா தொட்டுப் பார்த்தேன்?

வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. “நேரம் இல்லை” என்கிற பொன்னான சாக்கை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். ஒரு பக்கம் வாக்குப்பதிவு இயந்திரம், மறுபக்கம் வாராவாரம் தொடர்கதை. கல்கி பத்திரிகையையும் நடத்திக்கொண்டு, 1950-இல் ஆரம்பித்த ‘பொன்னியின் செல்வ’னை 1954 வரை எழுதினார். ஒரு வாரம் வரவில்லை என்றால் தமிழ்நாடே கேட்டிருக்கும். என் சுருட்டைக் கேட்க நாதியில்லை.

இந்த வரிசையில் மிகவும் ஆபத்தானவர் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப். இங்கிலாந்தில் தபால் இலாகா அதிகாரி. விடிகாலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை. ஒரு நாவல் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் அடுத்த நாவல். அப்படியே 47 நாவல்கள். 1883-இல், அவர் காலமான பிறகு, சுயசரிதை வெளிவந்தது. அதில் ரகசியத்தை உடைத்திருக்கிறார்: தன்னை எழுப்பிக் காபி கொடுப்பதற்காகவே ஒரு கிழட்டுக் குதிரைக்காரனுக்கு வருஷத்துக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்தாராம்.

இதை நான் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்வமாகச் சொன்னேன்.

“அஞ்சு பவுனா?” என்றாள் மனைவி. பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. “வருஷா வருஷமா?”

“இங்கிலீஷ் பவுன். அவங்க ஊர்ப் பணம்.”

“எந்த ஊர்ப் பவுனா இருந்தா என்னங்க? அஞ்சு பவுன்னா நான் மூணு மணிக்கே எழுப்பறேன். காபிக்குத் தனியா ஒண்ணும் வேண்டாம்.”

ட்ரோலப் முறை அத்துடன் கைவிடப்பட்டது.

அடுத்து என் கைக்குப் பழக்கமான வழி, எக்செல். அத்தியாயம், இலக்கு, எழுதியது, மீதி என்று பத்திகள் பிரித்தேன். எழுதினால் பச்சை, எழுதாவிட்டால் சிவப்பு, அரைகுறையாக எழுதினால் மஞ்சள் என்று தானாக நிறம் மாறும். இன்றைய வேகத்தில் போனால் புத்தகம் என்றைக்கு முடியும் என்று மூலையில் ஒரு கட்டம் தேதி காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் இதற்குப் போயிற்று, ஆனால் வீண் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாளைப் பார்த்த எந்தக் கமிட்டியும் எனக்குச் சாகித்ய அகாதமி கொடுத்துவிடும். மாலையில் மூலைக் கட்டத்தைப் பார்த்தேன். எழுதிய வார்த்தை பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று எக்செல் கையை விரித்துவிட்டது.

பிறகு ஆய்வு. எழுதாமல் இருப்பதற்கு உலகத்தில் இதைவிட கௌரவமான காரணம் கிடையாது. சாம்பலைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. அதற்காக ஹோம்ஸை முழுக்கப் படித்துவிடலாம் என்று இறங்கினேன்: நாவல் நான்கு, சிறுகதை 56. சாம்பல் வருவதோ முதல் நாவலின் ஆரம்பத்திலேயே. பத்தி எழுதப்படவில்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது செம்மண் ஒட்டிய செருப்போடு ஆபீஸுக்குள் நுழைந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

உண்மையில் வழி என் மேஜையிலேயே இருந்தது. பார்ட்டிகள் ஒழுக்க சீலர்கள் என்பதால் ரிட்டர்ன் போடுவதில்லை. 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், வரியே இல்லாத ‘நில்’ ரிட்டர்னுக்கும் 20 ரூபாய் என்று மேலே ஒருவன் உட்கார்ந்து மீட்டர் ஓட்டுகிறான், அதனால் போடுகிறார்கள். கோடி ரூபாய்க்கு வியாபாரம் செய்கிறவர் அந்த 50 ரூபாய்க்காக ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்து, “சார், போட்டுட்டீங்களா?” என்று பதறுவார்.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம் இயற்றினேன். தினம் 300 வார்த்தை. ராத்திரி பத்து மணிக்குள் மனைவியிடம் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் 50 ரூபாய். வசூலும் அதிகாரமும் அவளுக்கே. பணத்தைக் கடுகு டப்பாவில் போடுவதாக ஏற்பாடு.

சட்டம் எழுதியவனுக்குத்தான் ஓட்டை எங்கே என்று முதலில் தெரியும். ‘நில்’ ரிட்டர்னையும் நேரத்துக்குள் போட்டுவிட்டால் அபராதம் கிடையாது அல்லவா? தினமும் ஒன்பதே முக்காலுக்கு, “இன்று எழுதியது: பூஜ்யம்” என்று வாட்ஸ்அப்பில் தாக்கல் செய்தேன். ஒரு வாரம் பைசா செலவில்லாமல் நிம்மதியாகப் போயிற்று. திங்கட்கிழமை காலை இட்லியோடு சட்டத் திருத்தம் வந்தது: இனி ‘நில்’ செல்லாது.

சரி என்று பழைய வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவரின் நீண்ட மேற்கோளைச் சேர்த்து 300 ஆக்கினேன். மறுநாள் விளக்கம் கேட்டு நோட்டீஸ். “இது உங்க சரக்கு இல்ல. கணக்குல வராது.” உள்ளீட்டு வரி வரவில் எது செல்லும், எது செல்லாது என்று நான் பார்ட்டிகளிடம் தொண்டை வற்றப் பேசுவதைப் பக்கத்து அறையிலிருந்து இத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை 900 எழுதி, அதிகமான 600-ஐ அடுத்த இரண்டு நாளுக்கு எடுத்துப்போகக் கேட்டேன். “கேரி ஃபார்வர்டு எல்லாம் இங்க கிடையாது.” ஜி.எஸ்.டி. கவுன்சில்கூட இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

ஆனால், வேறு வழியில்லாமல் எழுத ஆரம்பித்தேன். புகையிலைப் பக்குவம் பற்றிய அத்தியாயம் முழுதும் 50 ரூபாய்க்குப் பயந்து எழுதியதுதான். நன்றாகவே வந்திருக்கிறது.

சிக்கல் வேறு திசையில் முளைத்தது. கடுகு டப்பாவில் நான்கைந்து நூறு ரூபாய்த் தாள் சேர்ந்ததும் இலாகாவுக்கு வருமானத்தில் ருசி தட்டிவிட்டது. சரியாக ஒன்பது மணிக்கு மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஒன்பதரைக்குத் தில்லைநகர் அக்கா வீட்டுக்கு மாவு கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும். “இதோ, அஞ்சே நிமிஷம்தாங்க.” அக்கா வீட்டில் ஐந்து நிமிஷம் என்பது ஒரு டிகிரி காபி, அத்தானின் முழங்கால், பேரனின் யோகா சர்ட்டிபிகேட். பத்தேகாலுக்குத் திரும்பினால் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மகளிடம் மேல்முறையீடு செய்தேன். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள், நியாயம் தெரிந்தவள் என்று நம்பினேன். “அப்பா, அப்பீல் போகணும்னா தகராறுல இருக்கிற தொகையில பத்து சதவீதம் முன்கூட்டியே கட்டணும்ல?” என்று கையை நீட்டினாள். கட்டினேன். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. இன்றுவரை வரவில்லை.

இதற்கிடையே ஒரு பதிப்பாளர் கிடைத்தார். நல்ல மனிதர். பாதி எழுதியதைப் படித்துவிட்டு, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம், மெய்ப்பு பார்க்க, அட்டை போட நாள் வேண்டும், செப்டம்பர் 30-க்குள் கொடுத்துவிடுங்கள் என்றார்.

செப்டம்பர் 30! வருஷத்தில் வேறு நாளே இல்லையா? ஆபீஸில் அன்றைக்கு மின்விசிறிக்குக்கூடப் பேச நேரம் இருக்காது. இருந்தாலும் என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு: கடைசி நேரத்தில் சர்க்குலர் வரும். 2025-இல் ஜூலை 31 செப்டம்பர் 15 ஆயிற்று. செப்டம்பர் 15 நள்ளிரவு நெருங்கும்போது 16 ஆயிற்று. அந்த நம்பிக்கையில் இருந்தேன். பதிப்பாளரிடமிருந்து சர்க்குலர் வரவில்லை, போன்தான் வந்தது.

“என்ன சார், ரெடியா?”

“பேப்பர் எல்லாம் ரெடி சார். ஒண்ணா எடுத்து வைக்கணும், அவ்வளவுதான்.” சொல்லி முடிக்கும் முன்பே குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. துணிக்கடைப் பை நிறைய பில்லை அமுக்கிக்கொண்டு வந்து என் எதிரே உட்காரும் அத்தனை பார்ட்டிகளும் ஒரே நேரத்தில் என் வாய்வழியே பேசினார்கள்.

“புக் ஃபேர் தேதியைத் தள்ள முடியாது சார்.”

“2021-லயும் 2022-லயும் பிப்ரவரிக்குப் போச்சே சார்?”

“அது கொரோனா சார்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி, உங்களுக்காக ஒரு மாசம். அக்டோபர் 31. அதுக்கு மேல முடியாது.”

அக்டோபர் 31 என்ன தேதி என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. “ரொம்ப நன்றி சார்” என்று வைத்தேன்.

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். “அவருக்கு லேட் ஃபீ எவ்வளவுங்க?” என்றாள். “கேட்டு வைக்கக் கூடாதா? நம்ம ரேட்டையும் ஏத்தணும்ல.”