பெயர் மாற்றப்பட்ட பங்காளிகள்

மெக்சிகோவின் நகைச்சுவை நடிகர் ராபர்ட்டோ கோமெஸ் பொலான்யோஸ் நாற்பதைத் தாண்டிய வயதில் தொலைக்காட்சியில் எட்டு வயதுச் சிறுவனாக நடித்தார். லத்தீன் அமெரிக்காவே நம்பியது. 2025இல் மேக்ஸ் தளத்தில் வந்த அவரது வாழ்க்கைத் தொடர், ரசிகர்களிடம் அதைவிடப் பெரிய நம்பிக்கையைக் கேட்கிறது.

அவரோடு நடித்து, தன் கீக்கோ பாத்திரத்தின் உரிமைக்காக அவரோடு மல்லுக்கட்டிய கார்லோஸ் வில்லாக்ரான், இதில் மார்கோஸ் பராகான். இரண்டாம் மனைவி ஃப்ளோரிண்டா மேசா, மார்கரிட்டா ரூயிஸ். வம்பில்லாத சக நடிகர் ராமோன் வால்டெஸோ ராமோன் வால்டெஸாகவே வருகிறார். கதை எழுதியதில் முதல் தாரத்துப் பிள்ளைகளின் கையும் உண்டு. சின்னம்மா எப்படி வருவார் என்று சொல்லவா வேண்டும்?

கோபித்து வழக்குப் போடலாம்தான். ஆனால், ‘அந்த மார்கரிட்டா நானே’ என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமே! தொடரின் ஆகச் சிறந்த இந்த நகைச்சுவையை எழுதியவர் வக்கீலாகத்தான் இருக்கவேண்டும்.