ஆட்டம் கட்டியவர் யார்?

கிரீன்ஃபீல்டு, மாசசூசெட்ஸ்

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

இந்தச் சீமையில் மாலை வேளைகளை எவ்விதம் போக்குகிறாய் என்று விசாரித்திருந்தீர்கள். ஆடிக்கொண்டிருக்கிறேன் என்பதே அதற்கு உத்தரம், ஆனால் சித்திக்கு வாசித்துக் காட்டுமுன் தாங்கள் முழுவதையும் ஒருமுறை படித்துவிடுவது உத்தமம்.

இவ்வூர்க் கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் மண்டபத்தில் நடக்கும் கான்ட்ரா ஆட்டத்தில், ஜோடிகள் இரண்டு நீண்ட வரிசைகளாக எதிரெதிரே நின்று, பிடில் இசைக்கு 64 அடிகளில் ஒரு சுற்றை முடித்து, முடிந்ததும் ஓரிடம் நகர்ந்து அடுத்த ஜோடியைச் சந்திக்கிறார்கள். இடையே ‘ஸ்விங்’ என்று ஒன்று வருகிறது. நம் பரிசல்காரர் வெளியூர்க்காரரைக் குஷிப்படுத்த நட்டாற்றில் பரிசலைச் சுழற்றுவாரே, அந்தச் சுழற்சிதான். தலை கிறுகிறுக்காதிருக்க எதிரில் உள்ளவரின் கண்ணையே உற்றுநோக்க வேண்டும் என்பது சாஸ்திரம், எதிரில் உள்ளவரோ பெரும்பாலும் பிறர் மனைவி.

என்னை ஆச்சரியப்படுத்தியது வேறொன்று. ஆட்டம் தொடங்குமுன் கட்டியங்காரர், இவர்கள் பாஷையில் ‘காலர்’, ஆட்டத்தின் பெயரோடு அதைக் கட்டியவர் பெயரையும் சபையறியச் சொல்லுகிறார். இவ்வாட்டத்தின் முன்னோடிகளைத் தொகுத்து 1651-இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு வெளியிட்ட நடனப் புஸ்தகத்தில் கட்டியவர் பெயர் கிடையாது. இப்போதோ, 1982-இல் ‘பாலன்ஸ் அண்ட் ஸ்விங்’ நூலை வெளியிட்ட டெட் சன்னெல்லா போன்றோரின் ஆட்டங்கள் அவர்கள் பெயரைச் சுமந்தே ஊரூராய்ப் போகின்றன. இத்தனைக்கும் இத்தேசத்துக் காப்புரிமைச் சட்டம் சாமானியர் கூடி ஆடும் ஆட்டங்களுக்கு இடமளிப்பதில்லை. வேலியோரத்து மரக்கிளைக்கும் வக்கீலை அழைக்கும் ஜனங்கள், பெயரை மட்டும் சொன்னால் போதுமென்று திருப்தியடைவது, தாங்கள் நம்பாவிட்டாலும், வாஸ்தவம்.

நானும் ஒன்று கட்டி ‘ஒகேனக்கல்’ என்று நாமகரணம் செய்தேன். அசைவுகளோ சொற்பம், ஒன்றில் விட்ட கை அடுத்ததில் இயல்பாகப் போய்ச் சேர வேண்டும், ஈற்றில் ஜோடி நகர்ந்தும் ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால், இருவர் தனித்தனியே ஒரே அசைவுக் கோவைக்கு வந்து சேருவது இங்கே சகஜமாம். முதிய காலர் ஒருவர் என் சீட்டைப் பார்த்து, பல்லாண்டுகளுக்கு முன்பே இதைக் கட்டியவர் ஒருவர் உண்டென்றார். அன்றிரவு அந்த மகானுபாவர் பெயரே அறிவிக்கப்பட்டது. ஒகேனக்கல் என்று உச்சரிக்கும் சிரமம் நீங்கியதில் காலருக்குச் சந்தோஷமென்றே தோன்றிற்று.

ஆடிப்பெருக்கன்று நம்மூரில் பெண்கள் அடிக்கும் கும்மியை அடுத்த மாதம் இவர்களுக்குக் கற்பிக்க உத்தேசித்திருக்கிறேன். கட்டியவர் யாரென்று இப்போதே கேட்கிறார்கள். அத்தையிடம் விசாரித்து எழுதுங்கள். அவருக்கும் தெரியாதென்றால் ‘பென்னாகரத்து அத்தைமார்’ என்று அறிவித்துவிடுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள அண்ணன் மகன்