குண்டடத்தார் ஊர் பார்க்கிறார்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகளில் பல ரகம் உண்டு. முதல் பனித்தூறலை அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டுகிறவர் ஒருவர். ஆறே மாதத்தில் ‘நம்ம ஊர்ல சிஸ்டம் சரியில்லை’ என்று முடிவு கட்டுகிறவர் இன்னொருவர். இதில் எதிலும் சேராதவர் குண்டடத்தார். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில், கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் காத்தாடி என்கிற காற்றாலையும் மாறி மாறி வரும் இடத்தில் இருக்கிறது அவருடைய ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு, திருப்பூர் கம்பெனிகளுக்குச் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட். பையன் ஹாலந்தில் மேல்படிப்பு. பெயர் எதுவாகவும் இருக்கலாம். ஆள் அதே ஆள்தான்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். டச்சுக்காரரிடம்கூட ‘எக்ஸ்க்யூஸ் மீங்க’ என்றுதான் ஆரம்பிப்பார். நன்றி சொல்லும்போது ‘தேங்க்யூங்’ என்று முடிப்பார். யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எல்லா இந்திய மாணவருக்கும் உள்ள வியாதிதான். குண்டடத்தார் அதோடு நிற்க மாட்டார். ரூபாயைப் பீஸாக மாற்றுவார்.

“ஒரு காப்பி மூணரை யூரோ. முந்நூத்துச் சொச்சம் ரூவா. அந்தக் காசுக்கு எத்தனை பீஸ் ஓவர்லாக் அடிக்கோணும் தெரியுமா மாப்ள?”

இதைக் கேட்கும் பாக்கியம் பெற்றவர் மாம்பலத்து நண்பர். இருவருக்கும் ஒரே அறை, ஒரே குக்கர். சனிக்கிழமை எங்காவது போக வேண்டும் என்று துடிப்பவர் மாம்பலத்தார். போக வர எவ்வளவு ஆகும் என்று கேட்பவர் குண்டடத்தார். இந்த முறை கிண்டர்டைக் என்று முடிவானது. ராட்டர்டாமுக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையில் 19 பழங்காலக் காற்றாலைகள் நிற்கிற இடம். 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மாம்பலத்தார் முதல் நாள் ராத்திரியே வெயில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்று போனில் பார்த்துவைத்தார். குண்டடத்தார் அரிசியும்பருப்புச் சோறு ஆக்கிப் போசியில் அடைத்தார்.

ராட்டர்டாமில் எராஸ்மஸ் பாலத்தடியில் படகு ஏறியதும் வேலை ஆரம்பித்துவிட்டது. மாம்பலத்தார் பாலத்தைப் படம் எடுக்கத் திரும்பினார். பின்னால் சட்டைக் கழுத்தை யாரோ இழுத்தார்கள்.

“டேய், பப்ளிக்ல என்னடா பண்ற?”

“இரு மாப்ள, லேபிள் பாக்கறேன். எங்க வாங்குன?”

“போன வாரம் சேல்ல.”

“பங்களாதேஷ். அவிங்களுக்கு இங்க சுங்கவரி இல்ல, அதான் ரேட்டு குடுக்கறாங்க. நூத்தி அறுவது ஜிஎஸ்எம் கூட வராது. சைடு தையலைப் பாரு, ஒரே தொவைப்புல முன்னாடி திரும்பிக்கிச்சு. காம்பாக்டிங் ஒழுங்காப் பண்ணல.”

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மூதாட்டி, ஒருவர் இன்னொருவரின் சட்டை ஓரத்தைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆற்றில் பெரிய பெரிய சரக்குப் படகுகள் கன்டெய்னர்களை அடுக்கிக்கொண்டு ஜெர்மனிப் பக்கம் போகின்றன. குண்டடத்தார் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு இதுதான் அன்றைய தரிசனம். தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, சூயஸ் தாண்டி ராட்டர்டாமில் இறங்கும் பெட்டிகளின் கதை அவருக்குத் தாலாட்டோடு ஊட்டப்பட்டது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள்மேல் தாக்குதல் நடந்து, எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிவர ஆரம்பித்தபோது, பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றிக் கருத்தரங்கு வைத்தார்கள். குண்டடத்தாருக்குக் கருத்தரங்கு தேவைப்படவில்லை. ‘சரக்கு லேட்டுங்கறான், பையர் தள்ளுபடி கேக்கறான்’ என்று அப்பா போனில் சொன்னதே போதுமாக இருந்தது.

“அந்த நீலப் பெட்டியில நம்மூர்ச் சரக்கு இருக்கும் மாப்ள.”

“எப்டிடா தெரியும்?”

“இல்லைன்னு உனக்குத் தெரியுமா?”

கிண்டர்டைக்கில் இறங்கியதும் டிக்கெட் கவுண்டர். மாம்பலத்தார் கார்டை எடுத்தார். குண்டடத்தார் கையைப் பிடித்து நிறுத்தி, பலகையை ஒரு முறை முழுக்கப் படித்து, கவுண்டரில் விசாரித்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். காற்றாலைக்குள் ஏறிப் பார்க்கவும் உள்ளே படகில் போகவும்தான் டிக்கெட். கரையோரம் நடக்கிற பாதை ஊர்ப்பொது, அதற்குக் காசில்லை. “பத்தொம்பதும் வெளிய நின்னாலே தெரியுது. ஒன்னுக்குள்ள போயிப் பாத்துட்டா மிச்ச பதினெட்டும் அதே மாரிதான இருக்கும்?” என்றார். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மாம்பலத்தார் விடவில்லை. டிக்கெட் எடுத்தார்கள்.

காற்று ஆளைத் தள்ளியது. மாம்பலத்தார் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். குண்டடத்தார் மட்டும் சொந்த வீட்டுத் திண்ணையில் நிற்பதுபோல நின்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஆடியில் அம்மியை நகர்த்துகிற காற்றில் வளர்ந்த உடம்பு அது. கூரை வேய்ந்த எட்டுமுகக் காற்றாலை ஒன்றை அண்ணாந்து பார்த்தார். “காத்தாடிக்குத் தலைக்கு மேல கூரை வேஞ்சு, உள்ள குடும்பமே குடியிருக்குது. எங்கூர்க் காத்தாடியில கதவே பூட்டித்தான் கெடக்குது” என்றார்.

வழிகாட்டி ஒரு கதை சொன்னார். 1421-இல் பெரும் வெள்ளம் வந்து ஊர்களை அடித்துக்கொண்டு போனதாம். வடிந்தபோது ஒரு தொட்டில் மிதந்து வந்ததாம். உள்ளே குழந்தை. தண்ணீர் புகாதபடி ஒரு பூனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவித் தொட்டிலைச் சமன் செய்துகொண்டே வந்ததாம். மாம்பலத்தார் உருகிப்போனார். குண்டடத்தார் பதிலுக்குத் தம் ஊர் வடுகநாதர் கதையை எடுத்துவிட்டார். மிளகு மூட்டை கொண்டுபோன வியாபாரியிடம் சாமி மாறுவேஷத்தில் வந்து ‘உள்ளே என்ன’ என்று கேட்க, கொடுக்க மனமில்லாமல் ‘பயறு’ என்று அவன் சொல்ல, அத்தனையும் பயறாகவே போய்விட்ட கதை. வழிகாட்டிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதன் நீதி என்ன என்று கேட்டார்.

“இன்வாய்ஸ்ல போட்டதுதான் பெட்டிக்குள்ள இருக்கோணுமுங்க.”

காற்றாலைக்குள் ஏறி இறங்கினார்கள். மாம்பலத்தார் குட்டிக் கட்டிலையும் பீங்கான் தட்டையும் படம் எடுத்தார். குண்டடத்தார் வெளியே வந்து, தரையளவுக்கு இறங்கி நின்ற றெக்கையில் கை வைத்தார். மரச்சட்டத்தின்மேல் துணி விரித்திருந்தது. காற்று குறைவாக இருந்தால் துணியை விரிப்பார்கள், அதிகமானால் சுருட்டுவார்கள். இரண்டு விரலில் பிடித்துத் தேய்த்தார். அந்த விரல்களுக்குத் தராசே வேண்டாம். பிறகு காற்றாலைக்காரரிடம் போய், இது பின்னல் இல்லை, நெசவு, தம் தொழிலில் வராது, ஆனால் பல்லடம் பக்கம் மாமா தறி ஓட்டுகிறார், வருஷத்துக்கு எத்தனை மீட்டர் வேண்டும், சாம்பிள் அனுப்பச் சொல்லட்டுமா என்று விசாரித்தார். உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கு ஜாப் ஒர்க் பிடிக்க வந்த முதல் சுற்றுலாப் பயணி அவராகத்தான் இருக்க வேண்டும்.

இதுவரை எல்லாம் சிரிப்புத்தான். அதன்பிறகு அவர் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில்தான் ஆள் கொஞ்சம் ஆடிப்போனார்.

“இது எதுக்குங்க சுத்துது? மாவரைக்கவா, கரண்டுக்கா?”

காற்றாலைக்காரர் விளக்கினார். இந்த நாட்டில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வயலில் ஊறிவரும் தண்ணீரை இறைத்து ஆற்றில் கொட்டாவிட்டால் ஊர் முழுகிவிடும். அதற்காக 1740 வாக்கில் கட்டியவைதான் இவற்றில் பெரும்பாலானவை. 1868-இல் நீராவிப் பம்பு வந்தது. இப்போது ராட்சதத் திருகுப் பம்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் இறைப்பது மட்டும் ஒருநாளும் நின்றதில்லை.

“தண்ணிய… வெளிய கொட்டறதுக்கா?”

“ஆமாம்.”

“நல்ல தண்ணியா?”

“நல்ல தண்ணீர்தான்.”

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற ஊர்க்காரர் அவர். ஆயிரம் அடி போர் போட்டுப் புகை மட்டும் வந்ததைப் பார்த்தவர். பரம்பிக்குளம்–ஆழியாறு (பிஏபி) வாய்க்காலில் மண்டலம் பிரித்து முறை வைத்து வரும் தண்ணீருக்கு நாள் எண்ணுகிற காடு அவர்களுடையது. உப்பாறு அணைக்குத் தண்ணீர் விடச் சொல்லிப் பெரியவர்கள் சாலையில் உட்கார்ந்ததும் அவருக்குத் தெரியும். அந்த ஆள் போசியைத் திறந்து, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டு ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தார். ஒரு கவளத்துக்கும் விலை சொல்லவில்லை. மாம்பலத்தார் பயந்துபோய், “என்னடா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

போகிற இடமெல்லாம் ஊரையே சுமந்துகொண்டு போகிறான் என்று இவரை நண்பர்கள் எல்லாரும் கேலி செய்வார்கள். செய்யட்டும். மாம்பலத்தார் போனில் 19 காற்றாலையும் விதவிதமான வானத்தோடு பத்திரமாக இருக்கின்றன. அவை எதை இறைத்தன என்று கேட்டால் கூகுளில் தேடித்தான் சொல்வார். குண்டடத்தாரிடம் ஒரு படமும் இல்லை. லெக் ஆற்றுக்குத் தண்ணீர் எத்தனை படியேறிப் போகிறது என்பதை மட்டும் காகிதம் இல்லாமலே வரைந்து காட்டுவார்.

ராத்திரி அப்பா போன் செய்தார்.

“ஏஞ்சாமி, எங்கியோ டூர் போனீன்னு அம்மா சொன்னா. என்ன பாத்த?”

“தண்ணிங்ப்பா.”

“காடு ஏக்கர் என்ன வெலைக்குப் போகுதாம்?”

“கேட்டுட்டனுங்ப்பா. எக்டர்ல சொல்றாங்க, நமக்குக் கட்டாது. ஆனா ரெண்டடி நோண்டுனாத் தண்ணியாம். அதை எறைச்சு வெளிய ஊத்தறதுக்கே முந்நூறு வருசமாச் செலவு பண்றாங்கப்பா.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பையன் லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தார். கட்டாகவில்லை.

“அப்பறம் அங்க திருச்செங்கோட்டு போர் வண்டிக்காரன் பொழப்புக்கு என்ன பண்ணுவான் சாமி?”