அரைக்கால் நம்பிக்கை

ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் பிறந்த குழந்தைக்கு இரண்டு விஷயங்களை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்று முட்டை விலை, இன்னொன்று பொதுத்தேர்வுத் தேதி. 2020 மார்ச்சில் இரண்டும் சேர்ந்தே சரிந்தன. கோழியிலிருந்துதான் கொரோனா பரவுகிறது என்று எவரோ கிளப்பிவிட்ட புரளியில் முட்டையைச் சீந்துவாரில்லை. பள்ளிக்கூடங்களை மூடியதில் சத்துணவு முட்டைக்கும் வேலையில்லை. மார்ச் 27-ந் தேதி தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வோ தேதி தெரியாமல் தள்ளிப்போனது.

என் அண்ணன் மகன் அப்போது பத்தாம் வகுப்பு. விடுதிப் பள்ளி. எங்கள் பக்கத்துப் பள்ளிகளை வெளியூர்க்காரர்கள் பிராய்லர் பள்ளி என்பார்கள். அது அநியாயம். பிராய்லருக்குப் பேர்போனது பல்லடம். நாமக்கல் முட்டைக் கோழிக்குத்தான். முட்டைக் கோழிக்கு ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும், இருட்டினாலும் விளக்குப் போட்டு விழிக்க வைப்பார்கள். விடுதியிலும் அதே பதினாறு மணி நேரம், அதே டியூப்லைட். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது. டியூப்லைட்டை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லை.

அப்படிப்பட்ட பையன் ஒரு தகரப் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144, நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. முதல் வாரம் யாரும் எழுப்பாமலே விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டான். அடுத்து என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. பெல் அடிக்கவில்லையே.

வாட்ஸ்அப்பில் அந்த நாட்களில் நியூட்டன் வந்துகொண்டே இருந்தார். 1665-ல் கொள்ளைநோய்க்காகக் கேம்பிரிட்ஜை மூடியதும், சொந்த ஊரான ஊல்ஸ்தோர்ப்புக்குப் போய் நுண்கணிதத்துக்கும் ஈர்ப்பு விதிக்கும் அடிக்கல் போட்டவர் அவர்; நீ வீட்டில் என்ன செய்கிறாய் என்று குடும்பக் குழுவில் தினம் யாராவது கேட்டார்கள். பையன் பதில் போடவில்லை. நானாக இருந்தால் போட்டிருப்பேன்: நியூட்டனை அவர் அம்மா பையைக் கொடுத்து ரேஷன் கடை வட்டத்துக்குள் நிற்கச் சொல்லி அனுப்பவில்லை என்று.

அண்ணன் லாரி ஓட்டுபவன். சரக்கை இறக்க ஆளில்லாமல் மகாராஷ்டிராவில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் மாட்டிக்கொண்டிருந்தான். அம்மா அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. ஒருநாள் பொழுதோட சாக்குக்கட்டியை எடுத்துத் திண்ணையில் தாயக்கட்டம் போட்டாள். வளையல் துண்டு அவளுக்குக் காய், பேரனுக்குப் புளியங்கொட்டை. பித்தளைத் தாயக்கட்டை இரண்டும் பரணிலிருந்து இறங்கின.

தெரியாதவர்களுக்காக: கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை. மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. இரண்டையும் உருட்டிக் கூட்ட வேண்டும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மொத்தம் ஒன்று வந்தால் தாயம்; அது விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடியும் போடலாம்.

பையனுக்குத் தாயமே விழவில்லை. அம்மாவின் காய்கள் பாதிக் கட்டம் சுற்றி வந்துவிட்டன. "ஆத்தா, நீ ஏமாத்தற" என்றான். "கட்டைய உருட்டற கையி உன்றது, ஏமாத்தறது நானா?" என்றாள். கோபத்தோடு உள்ளே போனவன் கணக்குப் புத்தகத்தோடு வந்தான். பத்தாம் வகுப்பில் எட்டாவது பாடம், கடைசிப் பாடம்: புள்ளியியலும் நிகழ்தகவும். அதில் அவன் போடாத கணக்கு இல்லை. பகடை, நாணயம், சீட்டுக்கட்டு எல்லாம் போட்டிருக்கிறான். பகடையைக் கையில் தொட்டதுதான் இல்லை.

திண்ணையிலேயே எழுதினான். நாலுக்கு நாலு, மொத்தம் பதினாறு விதமாக விழலாம். தாயத்துக்கு அதில் இரண்டு வழி. "எட்டுல ஒண்ணு ஆத்தா."

"அரைக்கால்" என்றாள் அம்மா, வெற்றிலையை மடித்தபடி.

"பன்னெண்டுக்கு ஒரே வழி. பதினாறுல ஒண்ணு."

"வீசம்."

பையன் நிமிர்ந்து பார்த்தான். "மூணுக்கு நாலு வழி."

"கால். அதான் எப்பப் பாத்தாலும் மூணா உழுந்து தொலையுது."

மறுபடி போடும் வாய்ப்பு எவ்வளவு என்று அவன் கூட்டி முடிக்கப் பதினாறில் ஆறு வந்தது. அம்மா அதையும் விடவில்லை: "காலே அரைக்கால்."

பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் ஒதுங்காதவள் அவள். இந்தக் கணக்கு கிணற்றில் கற்றது. எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் கிணறு எப்போதும் துண்டுபட்டுத்தான் கிடக்கும். அவள் பிறந்த வீட்டுக்குக் கிணற்றில் அரைக்கால் பங்கு. எட்டு நாளைக்கு ஒருநாள் தண்ணீர் முறை. "அப்பத் தாயமும் எட்டுத் தடவை போட்டா ஒருக்கா உழோணுமல்லோ?" என்று கேட்டாள்.

பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வகுப்பில் அவனை யாரும் கேள்வி கேட்டதில்லை, விடை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். சராசரியாகத்தான் எட்டு, கட்டாயமில்லை என்று விளக்கினான். எட்டு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே வாய்ப்பு உண்டு என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டினான். அவள் அசரவில்லை. "கெணத்துலயும் அப்படித்தான் சாமி. நம்ம முறை வர்ற அன்னிக்குக் கரண்ட் இருக்காது."

அதற்குப் பிறகு அவன் கணக்கு நோட்டில் விடையைவிடச் சந்தேகங்கள் அதிகமாயின. கட்டை தேய்ந்திருந்தால் என்ன ஆகும்? ஆத்தா உள்ளங்கையில் தேய்த்து உருட்டும் விதத்தில் ஏதாவது இருக்கிறதா? நூற்றுக்கணக்கில் போட்டுப் பார்த்துக் கோடு கிழித்து வைத்தான். சோதனைக்கு உட்பட்டவள் பேரனை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஜெயித்துக்கொண்டிருந்தாள் என்பதால் இருக்கலாம்.

நாமக்கல் பக்கம் கணக்குப் பேச்சு வந்தால் நாமகிரித் தாயார் வராமல் இருக்கமாட்டாள். ராமானுஜனின் குலதெய்வம், சூத்திரங்களைக் கனவில் அவளே தந்ததாகச் சொன்னவர் அவர். அந்த ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காமல் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர் என்று பையன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். "பெயிலானவனத்தான் அவ தேடி வருவா. மொத மார்க்கு வாங்கறவனுக்குத்தான் தூக்கமே இல்லியே, கனவு எங்கிருந்து வரும்?" என்றாள் அம்மா. கோயில் நடை வேறு சாத்தியிருந்தது. தாயாருக்கும் ஓய்வுதான்.

ஓர் இரவு ஆட்டம் முடிந்து காய்களைப் பொறுக்கும்போது கேட்டாள்: "உங்கப்பன் எப்ப வருவான்னு போட்டுச் சொல்லு."

பையன் யோசித்தான். "அதுக்குத் தகவல் பத்தாது ஆத்தா."

"அரைக்கால் இருக்குமா?"

"அதுக்கு மேலயே இருக்கும்."

"அது போதும்" என்று கட்டைகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அண்ணன் மே மாதம் வந்து சேர்ந்தான். காட்டுச் சாளையில் பதினான்கு நாள் தனியாக இருந்தான். பக்கத்து லாரியில் மாட்டியிருந்த பஞ்சாப் டிரைவரிடம் சப்பாத்தி போடக் கற்றிருந்தான். இருபது வருஷமாக வடக்கே ஓட்டியும் சோறு தேடி அலைந்தவன் அவன். சாளையிலிருந்து எங்களுக்கே சுட்டு அனுப்பினான். நாங்கள் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று வாங்கிக்கொண்டோம். ஒன்றுகூட வட்டமாக இல்லை, ஆனால் பூப்போல இருந்தது.

தேர்வு ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள். ஒவ்வொரு தேதிக்கும் பையன் தகரப் பெட்டியை அடுக்கினான், பிரித்தான். ஜூன் 9-ந் தேதி முதலமைச்சர் தேர்வையே ரத்து செய்தார். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து எண்பது சதவீதம், வருகைப்பதிவுக்கு இருபது. மூன்று நாள் கழித்து, ஜூன் 12-ல், எட்டு வருஷத்துக்குப் பிறகு மேட்டூர் அணையை வழக்கமான தேதியில் திறந்தார்கள். எங்கள் வீட்டில் பெரிய செய்தி எது என்று அப்பனுக்கும் மகனுக்கும் வாக்குவாதமே நடந்தது.

ஆகஸ்ட் 10-ல் முடிவு வந்தது. மாநிலம் முழுக்க ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எல்லோரும் தேர்ச்சி. எதிர்பார்த்ததுதான் என்றாலும் பையன் திண்ணைக்கு ஓடினான்.

"ஆத்தா, நூத்துக்கு நூறு பாஸு! பெயிலாக வழியே இல்ல. நிகழ்தகவு முழுசா ஒண்ணு!"

அம்மா கட்டையைக் கையில் எடுத்தாள்.

"ஒண்ணுன்னாத் தாயமாச்சே. இந்தா, மறுக்காப் போடு."