உழக்கு வேகமும் சுருதி இறக்கமும்: ஒரு புத்தூர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பிரித்தானிய ஹார்ட் றொக் பற்றி எழுதிய அறிஞர் எல்லோரும் ஒரே பிழையை விட்டிருக்கிறார்கள்: கேட்பவர் வீட்டில் மின்சாரம் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். 1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளான பிறகு, புத்தூரில் இந்த இசை எப்படிக் கேட்கப்பட்டது என்பதை ஆராய்வார் இல்லை. அக்குறை இத்துடன் நீங்குகிறது.

2. கருவிகள்

இரட்டைத் தாங்கியில் நிறுத்திய சைக்கிள் ஒன்று. 6 வோல்ற், 3 வாற் டைனமோ ஒன்று. அது தருவது ஆடலோட்டம். ஆகவே நேரோட்டமாக்க டயோட் நான்கு. கசெற் றெக்கோடர் ஒன்று. கசெற்றுகள் மூன்று: பிளாக் சபாத்தின் 'மாஸ்டர் ஒஃப் றியாலிற்றி' (1971), டீப் பேர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' (1972), 'மேட் இன் ஜப்பான்' (1972). இவற்றோடு கால்கள் இரண்டு. கால்கள் ஆய்வாளருடையவை. கேட்கும் உரிமை அண்ணனுடையது.

3. இறக்க விதி

கசெற் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். உழக்குபவர் களைத்தால் மின்னழுத்தம் விழும், மோட்டர் தளரும், சுருதி இறங்கும். நாடா 4 சென்ரிமீற்றருக்கு வந்து சேரும்போது மூன்று அரைச்சுரம் போயிருக்கும்.

இனிப் பேர்மிங்காமுக்குச் செல்வோம். பிளாக் சபாத்தின் கிற்றார்க்காரர் ரோனி அயோமி, 17 வயதில், தகட்டுத் தொழிற்சாலையொன்றில் தமது கடைசி வேலைநாளன்று, வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவராதலால் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டினார். பிறகு தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். 'மாஸ்டர் ஒஃப் றியாலிற்றி'யின் சில பாட்டுகளில் அடித்தந்தி மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறங்கியது. அதுவும் மூன்று அரைச்சுரமே.

இதிலிருந்து பெறப்படும் தேற்றம்: உழக்குபவர் களைத்தால் எந்தக் குழுவும் பிளாக் சபாத் ஆகும்.

துணைத் தேற்றம்: பிளாக் சபாத் ஓடும்போதே களைத்தால், அது கீழ் ஆறரைக் கட்டைக்குப் போய், நிலாவரைக் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். இராமர் அம்பு ஊன்றியதால் உண்டானது என்று சொல்லப்படும் அக்கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது ஊர் வழக்கு. அப்படி இறங்கிய, அக்குழுவின் பாடகர் ஒஸி ஒஸ்போர்னின் குரல் கீரிமலையில் கேட்டதா என்பது தனிக் கள ஆய்வுக்குரியது.

4. தொடை அளவு

'மேட் இன் ஜப்பான்' 1972 ஓகஸ்ற்றில் ஒசாக்காவிலும் தோக்கியோவிலும் மேடையில் பதிவானது. அதன் இறுதிப் பாட்டான 'ஸ்பேஸ் றக்கின்', 'மெஷின் ஹெட்'டில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மேடையிலோ ஏறத்தாழ 20 நிமிடம். இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கம். மின்சாரமுள்ள விமர்சகர் இதை ஜோன் லோட்டின் ஓர்கன் கற்பனை என்று புகழ்வர். உழக்கியவர் சொல்லும் சொல் அச்சேறத்தக்கதன்று. கிடைத்த வாய்மொழிச் சான்று இது:

"உழக்கடா, பாட்டுக்காரன் படுக்கப்போறான்."

"இன்னும் எவ்வளவு கிடக்கு, அண்ணை?"

"இப்பதான் தொடங்கியிருக்கிறாங்கள்."

5. மாற்றுக் கருத்தும் மறுப்பும்

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் இறைப்பு மெசின் ஓய்ந்து, எங்கள் கிணற்றில் பழைய துலா மறுபடி ஏறியிருந்த காலம். அம்மம்மா எழுப்பிய ஆட்சேபம் வருமாறு: "உந்தக் கால் துலா மிதிச்சால் வெங்காயத்துக்குத் தண்ணியாவது போகும்." ஆய்வுலகம் இதற்கு இன்னும் பதில் காணவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்லலாம். 1971 டிசம்பர் 4 அன்று சுவிற்சர்லாந்தின் மொன்ட்ரோவில் கசினோ எரிந்தது. அங்கே 'மெஷின் ஹெட்' பதிவுசெய்ய வந்த டீப் பேர்ப்பிள் இடமின்றி அலைந்து, கடைசியில் வெறுமையாகக் கிடந்த ஹொட்டலொன்றின் நடையில் வாத்தியங்களைப் பரப்பிப் பதிவை முடித்தது. இடமில்லாதவன் நடையில் அடித்தான். விரலில்லாதவன் போத்தலை உருக்கினான். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்குச் செய்து, அந்த வெளிச்சத்தில் படித்த ஊருக்கு இந்த இசைத்தட்டுகளை யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பாட்டில் ஒரு சொல் விளங்காமலே எங்களுக்கு அவை விளங்கின.

6. முடிபு

1995 ஒக்ரோபர் 30 அன்று, புத்தூரும் அடங்கிய வலிகாமம் போரால் இடம்பெயர்ந்தது. சைக்கிள் மூட்டை சுமந்துகொண்டு எங்களோடு வந்தது. கசெற்றுகள் வரவில்லை.

அண்ணன் இப்போது ரொறன்ரோவில். சில வருடங்களுக்கு முன் 'மெஷின் ஹெட்' சீடி வாங்கி, ஒருமுறை கேட்டுவிட்டு, ஓட்டம் பிழை, கடுகதியில் ஓடுகிறது என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரர் அங்கேயே போட்டுக் காட்டி, வேகம் சரிதான் என்றாராம். ஆய்வாளர் தொலைபேசியில் இறக்க விதியை எடுத்துரைத்து, கடைக்காரர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தெரிவித்தார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவன் கேட்டது மொன்ட்ரோவிலை அடிச்சதை," என்றார். "நான் கேட்டது நீ உழக்கினதை."