தஞ்சை வட்டாரத் தாயத்தில் விதிப்பெருக்கம்: திண்ணையை முன்வைத்து ஓர் ஆய்வு

கீழடி அகழாய்வில் தந்தத்தில் செய்த தாயக்கட்டை கிடைத்தது, விதி கிடைக்கவில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே இக்கட்டுரையின் முதல் துணிபு. விதியைக் கையில் வைத்திருந்த அம்மையார் அதை யாருக்கும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆய்வுக்களம் குடமுருட்டிக்கும் வெட்டாற்றுக்கும் இடைப்பட்ட நெல் ஊர்களில் ஒன்று. காலம், தாளடி அறுத்துக் களம் ஒழிந்த பிறகு மேட்டூர் திறக்கும் வரை. ஆற்றில் மணலும் வீட்டில் ஆட்களும் தவிர வேறொன்றும் இல்லாத பருவம் அது. 2020-இல் மார்ச் கடைசியில் ஊரடங்கும் வந்து சேர்ந்துகொண்டதால் தரவு அபரிமிதமாகக் கிடைத்தது. அந்த ஆண்டு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அணை குறித்தபடி ஜூன் 12-இல் திறந்தது. உழவர்கள் பூத்தூவி வரவேற்றார்கள். ஆய்வுக்கு அது பேரிழப்பு.

கருவி பற்றி ஒரு சொல். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் முறையே 1, 2, 3 புள்ளி. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, ஒரு கிலுக்கு கிலுக்கி உருட்டினால் விழக்கூடிய வகை மொத்தம் 16. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பூச்சியம் என்று படித்தவர்கள் நினைப்பார்கள், அது பன்னிரண்டு. ஒன்றுமில்லாததற்கு உச்ச மதிப்பு கொடுத்த சமூகம் எது என்பது தனி ஆய்வுக்குரியது. 16-இல் தாயம் விழ இரண்டு வழி, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. இந்த நான்கில் எது விழுந்தாலும் மறு உருட்டு உண்டு.

தாயம் போட்டால்தான் காய் இறங்கும். இதுவரை ஒருமித்த கருத்து. அப்படி இறங்குவதற்கு முன்பே ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் மறு உருட்டு உண்டா? இங்கேதான் மரபு இரண்டாகப் பிரிகிறது. உண்டு என்பது கும்பகோணத்திலிருந்து வந்த மருமகளின் கட்சி. இல்லை என்பது அத்தையின் கட்சி.

"ஒங்க ஊர்ல இருக்கலாம்மா. இந்த வூட்டுல தாயம் போட்டப்புறந்தான் மத்ததெல்லாம் பேச்சு."

கணக்கு போட்டுப் பார்த்தோம். அத்தை மரபில் ஒரு முறையில் காய் இறங்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மருமகள் மரபில், மறு உருட்டுகளையும் சேர்த்தால், சரியாக ஆறில் ஒன்று. லூடோவில் ஆறு விழும் வாய்ப்பும் அதுவே. ஆக மருமகள் மரபு உலகப் பொது நீதியைத் தானாகவே எட்டியிருக்கிறது. இந்த அரிய முடிவைத் தாளில் எழுதி அத்தையிடம் காட்டினோம். "கணக்கெல்லாம் சரிதான் தம்பி. அவ காயை எடுத்து வெளியில வை" என்றார்.

பன்னிரண்டு தொடர்ந்து மூன்று முறை விழுந்தால் மூன்றும் செல்லாது என்று ஒரு விதி இருக்கிறது. மூன்றாவது மட்டும் செல்லாது என்று மாமா சொல்கிறார். அப்படி விழுவதற்கான வாய்ப்பு 4096-இல் ஒன்று. யாருக்கும் விழுந்ததாக வீட்டில் நினைவில்லை. ஆயினும் விழுந்தால் என்ன செய்வது என்ற வழக்கு ஒரு முழுப் பிற்பகல் நடந்தது, காபி ஆறியது, மாமா கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

நீடாமங்கலத்துக்கு அருகே பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் கொண்டிருக்கிறார். சித்தர் வேடத்தில் வந்து அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். சதுரங்கம் என்பதால் ஆயிற்று. தாயம் ஆட வந்திருந்தால், வெட்டு வாங்காமல் பழம் பழுக்கலாமா என்ற கேள்வியிலேயே முகூர்த்தம் தப்பியிருக்கும்.

அயலார் இச்சிக்கலை வேறுவிதமாகக் கையாண்டார்கள். 1974-இல் அமெரிக்காவில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம் வெளிவந்தபோது விதிகள் மூன்று சிறு நூல்களாக அச்சில் இருந்தன. பின்னர் அவை கனத்த நூல்வரிசையாகப் பெருகின. தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் உண்டு. அவர் குறிப்புகளை மறைத்துக்கொள்ள அட்டைத் தடுப்பும் உண்டு. நம் மரபில் நடுவரே ஆட்டக்காரர், அவரே முன்னணியில் இருப்பவர், தடுப்புக்கு முந்தானை.

கைபேசி வந்ததும் இதெல்லாம் ஒழியும் என்று நம்பினோம். 2016-இல் மும்பையிலிருந்து வந்த லூடோ கிங், ஊரடங்கில் வீட்டுக்கு வீடு புகுந்தது. அதில் சண்டைக்கே இடமில்லை. போகக்கூடாத கட்டத்துக்குக் காய் போகாது. பேச்சுவாக்கில் ஒரு கட்டம் நகர்த்திவைக்க முடியாது. ஒரு கட்டை மற்றொன்றின் மேல் ஏறிக்கொண்டாலோ, தூணில் சாய்ந்து நின்றாலோ என்ன செய்வது என்று கேட்க வழியில்லை. செயலிக்குத் தூண் கிடையாது. அத்தை ஓர் ஆட்டம் ஆடி, வென்று, "யாரோ ஆடின மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஒரு கட்டை காணாமல் போயிற்று. எலி மீதும் பேரன் மீதும் ஐயம் உண்டு. இருக்கும் கட்டையை இரண்டு முறை உருட்டினால் கணக்கு இம்மியும் மாறாது என்று எடுத்துச் சொன்னோம். "ஒத்தைக் கட்டையை உருட்டுறதா?" என்ற ஒரே கேள்வியில் அது தள்ளுபடியானது. கடைசியில் கட்டத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் திண்ணையிலேயே போட்டுக்கொண்டு, உருட்டுவதற்கு மட்டும் கைபேசி என்று ஏற்பாடு.

விதிகள் அதற்குப் பிறகுதான் உண்மையில் பெருகத் தொடங்கின. திரையை விரலால் தொட வேண்டுமா, குலுக்க வேண்டுமா? குலுக்கினால்தான் உருட்டு. போட்டவர் கண்ணாடியைத் தேடும் முன் பக்கத்து ஆள் எண்ணைச் சொல்லலாமா? கூடாது. உருட்டும்போது அழைப்பு வந்தால் அந்த உருட்டு செல்லாது. சிங்கப்பூரிலிருந்து மகள் அழைத்தால் மட்டும் அது பன்னிரண்டாகக் கொள்ளப்படும். கடைசி விதி அத்தையின் முறைக்கு மட்டுமா, எல்லார் முறைக்கும் பொருந்துமா என்று மருமகள் எழுப்பிய கேள்வி நிலுவையில் இருக்கிறது.